கண்ணாடிக்கு அடியிலிருந்து

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருஷம் கடை போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். போன வாரம் கரண்ட் போன ராத்திரி, மொட்டை மாடியில் செல்போனில் அவருக்கு ஒரு பழைய படம் காட்டினேன். 1950-ல் ஹான்ஸ் நமுத் என்ற புகைப்படக்காரர் எடுத்தது, பத்து நிமிஷம்தான். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் தரையில் விரித்த துணியைச் சுற்றி நடந்துகொண்டே பெயிண்டை ஊற்றுகிறார், சொட்டவிடுகிறார்.

"எனாமல்டா இது," என்றார் அப்பா. உருவமே இல்லாத ஓவியத்தைப் பார்த்தால் சிரிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூல் மாதிரி இறங்குது பாரு. கட்டியா இருந்தா இப்படி வராது. பதம் தெரிஞ்ச ஆளு." பொல்லாக் ஊற்றியது நிஜமாகவே கடையில் கிடைக்கும் சாதாரண எனாமல்தான்.

அடுத்து கண்ணாடி. அதன்மேல் அவர் வரைய, கேமரா அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறது. கூழாங்கல், நூல், கம்பி வலை எல்லாம் வந்து விழுகின்றன. முதலில் வரைந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார். அப்பாவுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. எத்தனை போர்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்திருப்பார்!

பொல்லாக்கின் வாழ்க்கையை வைத்து எட் ஹாரிஸ் இயக்கி நடித்த 2000-ஆம் வருஷத்துப் படத்தில் இந்தப் படப்பிடிப்பே ஒரு காட்சி. அது முடிந்ததும் பொல்லாக் மறுபடி குடித்து, சாப்பாட்டு மேசையைக் கவிழ்ப்பார். நல்ல படம்தான், ஆனால் எனக்கு வரையும் நேரம் போதவில்லை. அதை அப்பாவுக்குக் காட்டவில்லை.

மறுநாள் காலை பரண்மேலிருந்து ஒரு டப்பாவை இறக்கி, மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார். உள்ளே பெயிண்ட் ஆடை கட்டியிருந்தது.