எடை சரி, மருந்து இல்லை

வேலூர் சித்திரை வெயிலில் ஈதர் பாட்டிலைத் திறந்தவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் அது. வெளியே வெயில் நாற்பதைத் தாண்டும். அதனால் பெப்டைடை, அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலியை, ஈதரில் வீழ்படிவாக்கும் வேலையை விடிகாலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டேன். காட்பாடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும்.

என் பிஎச்.டி. வேலை, கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸை (புரதத்தை வெட்டும் நொதியை) அடைக்கும் சிறு பெப்டைடு செய்வது. அந்த வைரஸ் தன் புரதங்களில் பலவற்றை நீளமான ஒரே சங்கிலியாகச் செய்கிறது. இந்த நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால்தான் அது பெருக முடியும். சங்கிலியில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டதும் அதற்கு அடுத்து வெட்டும். வெட்டுவது நொதியின் 145ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம்.

முதலில் டாக்கிங், அதாவது மூலக்கூறு நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது. நொதிக்குப் பிடித்த அலனின், வேலின், லூசின், குளுட்டமின் வரிசையையே எடுத்து, இரண்டு பக்கமும் நீட்டினேன். நீட்ட நீட்ட ஸ்கோர் ஏறியது. சந்தோஷமாகச் செய்து பார்த்தால், நொதி அதை இரையாக எடுத்து வெட்டிவிட்டுப் போய்விட்டது. டாக்கிங் ஸ்கோரை மட்டும் நம்பி யாரும் ரெசின் (பெப்டைடு கட்டும் மணிகள்) வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, வெட்டும் இடத்தில் ஆல்டிஹைடு என்ற வேதித் தொகுதியை வைத்தால் சிஸ்டீன் அதோடு பிணைந்து நின்றுவிடும் என்று குளுட்டமின் ஆல்டிஹைடு செய்தேன். நான்கு மாத உழைப்பு. நிறை நிறமாலையில் எடை அச்சு பிசகாமல் வந்தது. ஆனால் நொதி கொஞ்சமும் அசரவில்லை. மறுபடி செய்தேன், அதே கதை. கடைசியில் கைடு மேடம் என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, 9.5 பக்கத்துல சிகரமே இல்லையே, ஆல்டிஹைடு எங்க போச்சு?" என்றார். எங்கும் போகவில்லை. குளுட்டமினின் பக்கக் கையில் உள்ள அமைடு வளைந்து வந்து, பக்கத்திலிருந்த ஆல்டிஹைடையே பிடித்து வளையமாகிவிட்டது. அணுக்கள் அதேதான், அதனால் எடையும் அதேதான். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

தீர்வு முன்பே இருந்தது. பக்கக் கையை முதலிலேயே ஐந்தணு லாக்டம் வளையமாகக் கட்டிவிட்டால் அதனால் வளைந்து வர முடியாது. நொதியின் கண்ணுக்கு அது குளுட்டமின் போலவே தெரியும். கோவிட் மாத்திரையான பாக்ஸ்லோவிடில் உள்ள நிர்மட்ரெல்விரிலும் இந்த லாக்டம்தான் இருக்கிறது, ஆல்டிஹைடுக்குப் பதில் நைட்ரைல் என்ற வேறொரு தொகுதி. அதோடு சேர்த்துக் கொடுக்கும் ரிட்டோனவிர் முதலில் எச்ஐவி புரோட்டியேஸுக்காக வந்த மருந்து. 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவில் எச்ஐவி இருப்பதை முதலில் கண்டது இதே வேலூரில். அதை நினைக்கும்போது இந்த ஊரில் இந்த வேலையைச் செய்வது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

லாக்டமும் ஆல்டிஹைடும் உள்ள என் சேர்மத்தைப் போன வாரம் சோதித்தேன். நொதி வெட்டினால் ஒளிரும் பெப்டைடைத் தட்டின் குழிகளில் விட்டேன். மருந்து இல்லாத குழிகள் ஒளிர்ந்தன. என் சேர்மம் போட்ட குழிகள் அரை மணி நேரம் கழித்தும் இருட்டாகவே இருந்தன. மேடத்துக்கு உடனே போன் செய்தேன். "நல்லதும்மா. அப்புறம், நம்ம உடம்புல இருக்கிற கதெப்சின்-எல்ங்கிற நொதியையும் அது அடைக்குதான்னு பாரு" என்றார். ஆல்டிஹைடுகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. திங்கட்கிழமை அதைத்தான் பார்க்கப் போகிறேன்.