அலங்கார ஓரங்கள் தாளுக்குப் படிப்பவர்களுக்கு: மூலையிலிருந்து ஆரம்பியுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. அலங்கார அச்சு வரலாற்றுத் தாளில், அதுவும் பெயர் போடாத பிளேட்டை (உலோகத் தகட்டில் கோடு கீறி எடுத்த அச்சுப் படத்தை) அடையாளம் காணும் பகுதியில், எதிர்பார்த்ததற்கு மேலேயே மதிப்பெண். படத்தைச் சுற்றி வரும் அலங்கார ஓரத்தைப் பார்த்து அதன் பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடுத்த பேட்ச் நண்பர்கள் கேட்டபடி இருப்பதால், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும்.

பழைய கிரேக்க, ரோமானிய வடிவங்களைத் திரும்ப எடுத்துக்கொண்ட நியோகிளாசிக் பாணியைப் பற்றி, கைமாறி வரும் நோட்ஸில் 'நியோகிளாசிக் என்றால் எளிமை, சமச்சீர்' என்று ஒரே வரிதான் இருக்கும். அதை நம்பி எத்தனை பேர் மதிப்பெண் இழந்தார்கள் என்று பார்த்த வருத்தம் இன்னும் போகவில்லை. மியாண்டர் (செங்கோணமாக மடிந்து ஓடும் கோடு), கில்லோஷ் (பின்னல் பட்டை), ஆந்திமியன் (விசிறிபோல் விரியும் பூ வடிவம்), அகாந்தஸ் (இலை வடிவம்) என்று பட்டியலை ஒப்பிப்பதும் போதாது. மறுமலர்ச்சிக் கால ஓரங்களிலும் இவை உண்டு, 19ஆம் நூற்றாண்டு மாதிரிப் புத்தகங்களிலும் உண்டு.

மூலையைப் பாருங்கள். நீளப் பக்கத்தில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விடலாம். மூலை வந்தால் வரைந்தவர் ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். நியோகிளாசிக்குக்கு முந்தைய பாணியான ரொகோகோ ஓரத்தில் சிப்பியும் 'C' எழுத்துபோல் வளையும் சி-சுருளும் அங்கேதான் பருத்து, சட்டத்தைத் தாண்டி வழியும். 1760களுக்குப் பிந்தைய நியோகிளாசிக் ஓரத்தில் பெரும்பாலும் பட்டை மூலைக்கு முன்பே நின்றுவிடும். ஒரு சதுரக் கட்டம், அதற்குள் ஒரு ரோஜா வட்டம், அப்புறம் அடுத்த பட்டை. இல்லையென்றால் ஒரு பனையோலை வடிவம் குறுக்காகச் சாய்ந்து நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்த மூலை பழைய காலத்திலிருந்து அப்படியே எடுத்த சரக்கு அல்ல என்பது. நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேர்த்த கிரேக்கக் குவளைகளைத் தான்கார்வில் என்பவர் படங்களாகப் பதிப்பித்தாரே, அந்தத் தொகுதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். குவளையின் கழுத்தைச் சுற்றி ஓடும் பட்டைக்கு மூலையே கிடையாது. அதைச் செவ்வக ஓரமாக்கும்போது, திரும்பும் இடத்தை வரைபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விட்ருவிய அலைச் சுருளை, அதாவது கடலலைபோல் ஒரே பக்கம் சுருண்டு ஓடும் வடிவத்தை, எடுத்துக்கொள்வோம். அதற்குத் திசை உண்டு. ஒரே திசையில் சட்டத்தைச் சுற்றி ஓடவிட்டால் இடமும் வலமும் பொருந்தாது. அதனால் பக்கத்தின் நடுவில் ஒரு பனையோலையையோ முகத்தையோ வைத்து, அங்கிருந்து இருபுறமும் அலையை ஓடவிடுவார்கள். இப்போது இரண்டு மூலையும் கண்ணாடிப் பிம்பம். இதை ஒரு சின்னக் கோட்டுப்படத்தோடு எழுதினால் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை.

டெக்னிக் கேள்விக்குச் சுருக்கமாக: ப்யூரின் (தகட்டை நேராகச் செதுக்கும் உளி) கோடு மெல்லியதாகத் தொடங்கி, பருத்து, கூர்மையாக முடியும். எச்சிங் (அமிலத்தால் அரிக்கவைப்பது) கோட்டின் முனை மழுங்கியிருக்கும், தடிமனும் பெரிதாக மாறாது. எச்சிங்கில் தொடங்கி ப்யூரினில் முடித்த பிளேட்டுகள் ஏராளம், ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள்.

பிளேட்டின் காலத்தைக் கணிக்க நான் கையில் வைத்திருந்த ஆண்டுகள்:
- எரிமலையில் புதைந்த ரோமானிய நகரங்கள்: ஹெர்குலேனியம் அகழ்வு 1738, பாம்பேய் 1748
- நேப்பிள்ஸில் வந்த ஹெர்குலேனியம் கண்டெடுப்புகளின் படத் தொகுதிகள் 1757 முதல் 1792 வரை
- தான்கார்வில் முதல் தொகுதியின் முகப்பில் 1766
- இத்தாலிய அச்சுக் கலைஞர் பிரனேசியின் கணப்பு (ஃபயர்ப்ளேஸ்) வடிவங்கள் 1769. எகிப்திய உருவங்களோடு இருட்டாக, நெருக்கமாக இருக்கும். 'எளிமை' நோட்ஸ் இங்கேதான் காலை வாரும்
- பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்களின் கட்டட நூல் 1773 முதல்
- பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் பெர்சியே, ஃபோன்டேன் இருவரின் உள் அலங்கார வடிவங்கள் 1801 முதல் பகுதி பகுதியாக, 1812இல் நூலாக. ஏறக்குறைய வெறும் புறக்கோடு, நிழல் இல்லை

எனக்குப் படித்தால் ஏறாது, வரைந்தால்தான் ஏறும். உங்களுக்கும் அப்படியென்றால் கிராஃப் தாள் வாங்குங்கள். மெட்ரோபாலிட்டன் மியூசியம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் இரண்டின் இணையத் தொகுப்பிலும் பிளேட்டைப் பெரிதாக்கி ஒரே ஒரு மூலையை மட்டும் பென்சிலில் எடுங்கள். நேரம் இல்லையா? மியாண்டர், அலைச் சுருள், கில்லோஷ் இந்த மூன்றின் மூலை மட்டும் போதும். கில்லோஷைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னல் திரும்பும் இடத்தில் எந்த இழை மேலே, எது கீழே என்று பிடிபட நேரம் எடுக்கும்.