வெள்ளை மணி கடைசியில் வெள்ளையாகவே விழுந்தது

நான் பின்னிய பாசிமணி பிரேஸ்லெட்டை இன்று காலை எடுத்த படங்களில் 18-வது படத்தில் வெள்ளை மணி வெள்ளையாகவே வந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகம் தீராமல் ஜன்னல் பக்கம் போய் நின்று இன்னொரு முறை பார்த்தேன். வெள்ளைதான். 3 வாரமாக இந்த ஒன்றுக்காகத்தான் ஜன்னலோர மேசையை வீட்டில் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தேன்.

படத்தில் இருப்பது 11/0 அளவு டெலிகாவில், அதாவது உருளை வடிவச் சிறு கண்ணாடி மணிகளில், பெயோட்டி என்ற ஊசிப் பின்னல் முறையில் பின்னிய பிரேஸ்லெட். 20 மணி அகலம், அதாவது சுமார் 26 மில்லிமீட்டர். நீளம் 16 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2,000 மணி. மேட் வெள்ளைத் தரையில் மயில்நீல முக்கோணங்கள், இரண்டு ஓரத்திலும் வெள்ளி உள்பூச்சு மணி ஒவ்வொரு வரிசை. பின்னல் 9 நாளில் முடிந்துவிட்டது. படம்தான் இழுத்தடித்தது.

வெள்ளைத் தாளில் வைத்து எடுத்த பழைய படங்கள் எனக்கு அலுத்துவிட்டன. நகை அழகாகத்தான் தெரியும், ஆனால் எந்த உயிரும் இருக்காது. அதனால் இந்த முறை வீட்டில் கண்ணில் பட்ட கலர் கலரான சாமான்களையெல்லாம் மேசைக்குக் கொண்டுவந்தேன்: துணி கிளிப்புகள், ஆரஞ்சுப் பிடி கத்தரிக்கோல், மஞ்சள் ஸ்பாஞ்ச், பச்சை பல் துலக்கும் பிரஷ், ஒரு சிவப்பு மக்.

ஸ்பாஞ்ச் முதல் நாளே போய்விட்டது. அதன் துளைகளும் மணிகளும் ஏறத்தாழ ஒரே அளவு. எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டம் போட்ட துண்டு, பூப்போட்ட டப்பா எல்லாவற்றுக்கும் இதே கதிதான். படத்தில் இருப்பதிலேயே நுணுக்கமான வேலைப்பாடு மணிகளில்தான் இருக்க வேண்டும். சுற்றியுள்ளது எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் பரவாயில்லை, ஒரே நிறத்தில் வெறுமையாக இருந்தால் போதும். அந்த வகையில் பிளாஸ்டிக் கிளிப்புக்கு இணையே கிடையாது.

சரி, மக் விஷயத்துக்கு வருகிறேன். பிரேஸ்லெட்டை ஓரத்தில் நிறுத்தி, அரைவட்டமாக வளைத்து, போஸ்டர் ஒட்டுகிற ரப்பர் பசையைக் கடுகளவு அடியில் வைத்துப் பிடித்திருந்தேன். ஜன்னல் இடப்பக்கம். சிவப்பு மக் வலப்பக்கம், ஒரு கையகல தூரத்தில். நேரில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. படத்தில் பார்த்தால் வலது பாதி வெள்ளை மணிகள் எல்லாம் இளஞ்சிவப்பு! மேட் மணி பளபளக்காது, அதனால் நிறம் ஏறாது என்று நினைத்திருந்தேன். அது தப்பு. மேட் பரப்பு தன்மீது விழும் ஒளியை எல்லாத் திசையிலும் பரப்பிவிடுகிறது, ஆகவே எந்தக் கோணத்திலிருந்து எடுத்தாலும் அந்தச் சாயல் கூடவே வருகிறது.

படத்தின் மொத்த நிறச் சாயலைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை மாற்றிச் சரிக்கட்டப் பார்த்தேன். வலது பாதியைச் சரி செய்தால் இடது பாதி பச்சையடிக்கிறது. படம் முழுக்க ஒரே சாயல் இருந்தால்தான் அந்த வைத்தியம் பலிக்கும். பாதியில் மட்டும் இருந்தால் பலிக்காது. 4 நாள் இதிலேயே போனது.

அப்புறம் ஒரு காலையில் மக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பிரேஸ்லெட்டைச் சுற்றி மெல்ல நகர்த்திப் பார்த்தேன், போன் திரையில் கண்ணை வைத்தபடியே. வலப்பக்கம் இருக்கும்போது மக்கின் வெளிச்சம் பட்ட முகம் நேராக மணிகளைப் பார்க்கிறது, தன் சிவப்பை அப்படியே அவற்றின் மேல் கொட்டுகிறது. ஜன்னல் பக்கம் கொண்டுவந்தால் அதன் நிழல் முகம்தான் மணிகளைப் பார்க்கிறது. சிவப்பு ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. என் கண்ணெதிரே ஒவ்வொரு மணியாக வெளுத்துக்கொண்டே வந்தது. அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன்.

ஆனால் மக் உயரமானது, ஜன்னல் பக்கம் நின்றால் பிரேஸ்லெட் மேல் நிழல் விழுகிறது. ஆகவே அதைப் பின்னால், ஜன்னல் ஓரமாகத் தள்ளிவிட்டேன். ஜன்னலுக்கும் பிரேஸ்லெட்டுக்கும் நடுவில் தாழ்வான கிளிப்புகள் மட்டும். வலப்பக்கம், படத்துக்கு வெளியே, ஒரு வெள்ளை அட்டை. இன்னொரு வேலையும் செய்தேன்: கெட்டி வெள்ளைத் தாளை 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, வளைவின் உட்புறம் பிரேஸ்லெட்டின் முதுகோடு ஒட்டினாற்போல் நிற்க வைத்தேன். பிரேஸ்லெட் அதைவிட உயரம் என்பதால் முன்னாலிருந்து பார்த்தால் தாள் இருப்பதே தெரியாது. மணி இடுக்குகள் வழியாகப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சிவப்பு அதோடு நின்றது.

நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்று பார்க்க, படத்தை ஒரு முறை கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். மயில்நீல முக்கோணமும் அதன் அருகே இருந்த சிவப்பு கிளிப்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. நிறத்தில் எதிரெதிர், வெளிர்ப்பில் இரட்டையர். அந்த இடத்தில் மஞ்சள் கிளிப்பை வைத்ததும் முக்கோணத்தின் முனை கத்திபோல் எழுந்தது.

மணி வாங்குவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மயில்நீலம் பின்னும்போதே தீர்ந்து, அதே நிற எண்ணில் இன்னொரு பொட்டலம் வரவழைத்தேன். இரவில் பல்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் நீலத்தில் பச்சை கூடியிருக்கிறது. எண் ஒன்றானாலும் தயாரித்த தொகுதி வேறு. அனுப்பியவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இனி மொத்த மணியையும் ஒரே தடவையில் வாங்குவேன். இரண்டு பொட்டலம் என்றால் ஊசி எடுப்பதற்கு முன்பே ஒரே கிண்ணத்தில் கலந்துவிடுவேன்.

போன் பற்றியும் ஒரு வரி. மிக அருகில் போனால் வளைவின் முன்பகுதி மட்டும் பூதாகரமாகி, இரண்டு முனையும் மங்குகிறது. 2 மடங்கு லென்ஸில் வைத்து, நான்தான் பின்னால் போக வேண்டியிருந்தது. பிறகு தேவையானதை வெட்டிக்கொண்டேன். வெள்ளை மணியில் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால்தான் மணிக்கும் மணிக்கும் நடுவிலுள்ள கோடு தெரிகிறது.

அடுத்தது இதற்கு ஜோடியான காதணி: மேலே பிரிக் ஸ்டிச் என்ற இன்னொரு பின்னலில் முக்கோணம், கீழே இன்னும் சிறிய 15/0 மணியில் குஞ்சம். பச்சை பிரஷ்ஷை இரண்டு மக்குகளுக்கு நடுவே குறுக்காகப் போட்டு அதில் தொங்கவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு பக்கத்துக் குஞ்சம் மட்டும் முடிந்திருக்கிறது, அதற்குள் நேற்றே தொங்கவிட்டுப் பார்த்தேன். ஜன்னல் காற்றுக்கே ஆடுகிறது.

பிரேஸ்லெட் படத்திலும் ஒரு வேலை பாக்கி. இடப்பக்கத்து வெள்ளி உள்பூச்சு மணிகளில் மூன்று இன்னும் வெறும் வெள்ளைப் புள்ளியாக எரிகின்றன. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) மணியின் கண்ணாடிப் பரப்பின் பளபளப்பைக் குறைத்தது, உள்ளே இருக்கும் உலோகப் பூச்சின் மினுக்கம் அப்படியே நிற்கிறது. நாளை ஜன்னலில் டிரேசிங் பேப்பரை இரண்டு மடிப்பாக ஒட்டிப் பார்க்கிறேன். அதுவரை மேசை இப்படியே இருக்கும்.