எலுமிச்சை பிழிந்த மொஹிங்காவும் என் தாடைக் கட்டியும்

ரங்கூனில் காலைப் பசிக்கு எனக்கு மொஹிங்காதான், மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ். போன மழைக்காலத்தில், எலுமிச்சை பிழிந்து முதல் கரண்டியை வாயில் வைத்ததுமே வலது தாடைக்கடியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து, சுருக்கென்று வலிக்கும். ஒரு மணி நேரத்தில் வற்றிவிடும். பல் கோளாறு என்று இரண்டு மாதம் ஓட்டினேன். அப்புறம் வீக்கம் வற்றினாலும் உள்ளே கெட்டியாக ஒன்று தங்கிவிட்டது. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு அனோரதா சாலைக் காளி கோவிலில் வேண்டிக்கொண்டாள். கையோடு டாக்டரிடமும் இழுத்துப் போனாள்.

டாக்டர் முதலில் கேட்டது வெற்றிலை போடுவீர்களா என்றுதான். ஸ்கேனில் தாடைக்கடியில் உள்ள எச்சில் சுரப்பி தடித்துத் தெரிந்தது, அதில் கல் ஏதும் பிடிபடவில்லை. காதுக்கு முன்னால் உள்ள சுரப்பியில் வரும் கட்டிகள் பெரும்பாலும் சாதுவானவை, தாடைக்கடியில் வருவதில் கிட்டத்தட்டப் பாதி புற்று, ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதித்துவிடலாம் என்றார். எச்சில் கற்களில் 10க்கு 8 இதே சுரப்பியில்தான் வரும் என்பதை அன்று சொல்லவில்லை.

ஊசி, ரத்தம் எடுப்பதைவிட மெலிது. முதல் முறை வெறும் ரத்தம்தான் வந்தது; மறுவாரம் மறுபடி குத்தினார்கள். ரிப்போர்ட்டில் சளி, தட்டையான செல்கள், எச்சில் சுரப்பி ஊசிச் சோதனைகளை வகை பிரிக்கும் மிலன் முறைப்படி 3ஆம் வகை. 2018இல் வந்த இந்த முறையில் ஆறு வகை. மூன்றாவது, 'இன்னதென்று சொல்ல முடியவில்லை'. அன்று ராத்திரி வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பொறுக்காமல் லேபுக்கே போனேன். ஸ்லைடு பார்த்த சயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) டாக்டர் அனுப்பிய சீட்டை நீட்டினார். 'தாடைக்கடியில் கட்டி', அவ்வளவுதான் எழுதியிருந்தது. "சாப்பிடும்போது வீங்குமா?" மொஹிங்கா கதையைச் சொன்னேன். "இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே!" எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

கல் எச்சில் குழாயை அடைத்தால் அந்தக் குழாயின் உள்தோல் நாளடைவில் மாறிப்போகுமாம்: செல்கள் தட்டையாகும், சளியும் சுரக்கும். மியூக்கோஎபிடெர்மாய்டு என்று மெதுவாக வளரும் ஒரு புற்று உண்டு. ஊசியில் அதுவும் இதே இரண்டைத்தான் காட்டும். ஸ்லைடை மறுபடி வைத்து ஓரத்தைக் காட்டினார். கற்கண்டை நுணுக்கிய மாதிரி படிகத் துணுக்குகள், கல்லுக்கு அடையாளம். எனக்கு உயிர் வந்தது. அவரோ, "இதை வைத்துப் புற்று இல்லை என்று கையெழுத்துப் போட மாட்டேன். கல்லும் புற்றும் சேர்ந்தே இருக்கலாம். சி.டி. எடுங்கள்" என்றார். அந்தக் கறார் அன்று கசந்தது. பொய்த் தைரியம் சொல்லாமல் விட்டாரே என்று இப்போது நினைக்கிறேன்.

சி.டி.யில், சுரப்பியின் வாயருகே 3 மில்லிமீட்டர் கல். சுரப்பி கெட்டியாகிவிட்டதால் முழுதாக எடுத்தார்கள். கீழுதட்டு நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் மூன்று வாரம் சிரித்தால் வாய் கோணியது. எடுத்ததை முழுதாகச் சோதித்ததில் நாள்பட்ட அழற்சி மட்டும். 1896இல் இதை விவரித்த டாக்டர் பெயரில் இன்னும் 'கூட்னர் கட்டி' என்கிறார்கள், உண்மையில் கட்டியே இல்லை.

கல்லைச் சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பழுப்பேறிய அரிசிக் குருணை மாதிரி இருக்கிறது. அக்கா அதைச் சாமி அலமாரியில் வைக்கக் கூடாது என்கிறாள்; தூக்கிப் போடவும் விடமாட்டேன் என்கிறாள்.