ஜாஸ் கிட்டாருக்கு வார்ம் டோன்: பிக்கப் வாங்குவதற்கு முன்

டோன் குமிழை முழுக்க மூடினால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறதா? பெரும்பாலும் பிக்கப் மேல் தப்பில்லை. உள்ளே இருக்கிற கெபாசிட்டர் தேவைக்கு மேல் பெரிது. பத்தாயிரம் ரூபாய் பிக்கப்புக்கு முன்னால் பத்து ரூபாய்க்குள் முடிகிற வேலை இது.

பிக்கப் என்பது காந்தத்தோடு சேர்ந்த ஒரு கம்பிச் சுருள், கிட்டார் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது. அதன் இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் மேடு கட்டும். அதற்கு மேலே எல்லாம் சரிந்துவிடும். கிப்சனின் பழைய பிஏஎஃப் வகை ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 4.4 ஹென்றி, ஐந்தாறு மீட்டர் கேபிளுக்கு 600 பிகோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மேடு 3,100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். டோனை மூடும்போது கெபாசிட்டரும் இதில் சேர்கிறது. 0.047 மைக்ரோஃபாரட் என்றால் மேடு 350 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், 0.022 என்றால் 505, 0.01 என்றால் 740, 0.0068 என்றால் 880. கார்டில் 3-ஆம், 7-ஆம் ஸ்வரங்கள் தெளிவாகக் கேட்க 350-க்கு மேலேயும் கொஞ்சம் உயிர் வேண்டும். அதனால்தான் 0.047 போட்ட கிட்டாரில் நாலு ஸ்வர கார்டு ஒரே கூழாகிறது.

நெக் ஹம்பக்கருக்கு, அதாவது கிட்டார் கழுத்துப் பக்கம் இருப்பதற்கு, 0.01-இல் ஆரம்பிக்கலாம். கடையில் "103 பாலியெஸ்டர், 100 வோல்ட்" என்று கேளுங்கள். 0.0068-க்கு 682, 0.022-க்கு 223, 0.047-க்கு 473 என்று மேலே அச்சடித்திருக்கும். புதுச்சேரியில் 682 கிடைக்காவிட்டால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எண்ணெயில் ஊறிய பேப்பர் கெபாசிட்டர் என்று ஆயிரக்கணக்கில் விற்பதை வாங்க வேண்டாம். கிட்டாரின் மில்லிவோல்ட் சிக்னலில் மதிப்பு ஒன்றாக இருந்தால் சத்தமும் ஒன்றுதான்.

சின்ன கெபாசிட்டரில் ஒரு சிக்கல் உண்டு. டோனை 0 வரை மூடினால் அந்த மேடு மூக்கால் பேசுவது போல உறுத்தும். 2-இல் நிறுத்துங்கள். குமிழுக்குக் கீழே இருக்கிற பாட்டில் (பொட்டென்ஷியோமீட்டர், மாறும் மின்தடை) மிஞ்சும் 15, 20 கிலோ ஓம் அந்த மேட்டை அமுக்கிவிடும். இதற்கு லாக் பாட் வேண்டும், அதாவது ஏ500கே. பி500கே என்பது லீனியர். 10-இலிருந்து 2 வரை ஒன்றும் நடக்காது, பிறகு ஒரேயடியாக இருண்டுவிடும். டோன் 10-இல் இருக்கும்போதே சத்தம் கூர்மையாகத் தெரிந்தால் வால்யூமுக்கு 250 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். உச்சி மழுங்கும், அடிப்பகுதி அப்படியே இருக்கும்.

வயரிங்குக்கு வருவோம். பாட்டின் முதுகு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும். வால்யூமில் இடது கால் பிக்கப்புக்கு, நடுக்கால் ஜாக்குக்கு, வலது கால் முதுகோடு கிரவுண்டுக்கு. டோன் கெபாசிட்டர் வால்யூமின் இடது காலிலிருந்து போனால் அது மாடர்ன் வயரிங், நடுக்காலிலிருந்து போனால் 1950-களின் வயரிங். மாடர்னில் வால்யூமைக் குறைத்தால் சத்தம் சீக்கிரம் மங்கும். 50-களின் முறையில் தெளிவு நிற்கும். பாடகருக்குப் பின்னால் வால்யூம் 6-இல் கார்டு பிடிப்பவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. வால்யூமைக் குறைக்கும்போது தெளிவு போகாமல் இருக்கச் சேர்க்கும் ட்ரெபிள் ப்ளீட் கெபாசிட்டர் இங்கே தேவையே இல்லை.

பாட்டின் முதுகில் 25 வாட் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் சூடு பிடிக்காது, ஈயம் உருண்டையாக நின்றுவிடும். முதுகை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி 40 வாட்டில் வையுங்கள். ஹாலோ பாடியில் (உள்ளே வெற்றிடமான கிட்டாரில்) எஃப் எழுத்து வடிவ ஓட்டை வழியாகத்தான் பாட்டை உள்ளே விட வேண்டும். மீன்தொட்டி காற்றுக்குழாயைப் பாட் நிற்க வேண்டிய ஓட்டையில் மேலே இருந்து விட்டு, எஃப் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, பாட்டின் தண்டில் இறுக்கி மாட்டி இழுத்தால் பாட் தானாக இடத்துக்கு வந்து நிற்கும்.

இப்போது பிக்கப். சுருளின் மின்தடை 7 முதல் 8 கிலோ ஓம், காந்தம் அல்நிகோ 2 அல்லது 5, நெக் பக்கம். 12 கிலோ ஓம் செராமிக் வேண்டாம், மிட் ரேஞ்ச் தடித்துவிடும். சீமோர் டங்கனின் 'ஜாஸ்' மாடலின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல பிக்கப், ஆனால் பளிச்சென்று தெளிவாகப் பேசுவது. ஹம்பக்கர்தான் வேண்டும் என்று சட்டமும் இல்லை. ஜாஸ் எலக்ட்ரிக் கிட்டாரின் முன்னோடி சார்லி கிறிஸ்டியன் வாசித்த கிப்சன் இஎஸ்-150 வந்தது 1936-இல், அதில் இருந்தது சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். இஎஸ்-175-உம் 1949-இல் பி-90 என்ற சிங்கிள் காயில் பிக்கப்புடன்தான் வந்தது, ஹம்பக்கர் 1957-இல். ஆனால் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் ஓடும் அறையில் பி-90 ரீங்காரமிடும். புதுச்சேரியின் ஜூன் 21 இசைத் திருவிழாவுக்குத் தெருவோரம் மேடை போட்டு எல்லாவற்றுக்கும் ஒரே லைனில் கரண்ட் எடுத்தால் சொல்லவே வேண்டாம்.

பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி தடித்த கம்பி பக்கம் 3 மி.மீ, மெல்லிய பக்கம் 2 மி.மீ. கம்பி 12-52 ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான நாடா சுற்றியது), மூன்றாவது கம்பியும் சுற்றியதாக இருக்கட்டும். வெண்கல அக்கூஸ்டிக் கம்பி போட்டால் காந்தம் அதைச் சரியாகப் பிடிக்காது. கடற்காற்றில் ஃப்ளாட்வவுண்ட் தாக்குப்பிடிக்கும். பாட்டும் ஸ்விட்சும்தான் முதலில் கரகரக்கும். காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை திருகுங்கள்.

நாலு வயர் பிக்கப்பில் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் வரும் வயர்), வெள்ளையும் சிவப்பும் ஒன்றாக இணைத்து டேப் சுற்ற வேண்டும், பச்சையும் வெற்றுக்கம்பியும் கிரவுண்ட். டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேர்த்து டேப், பச்சையும் வெற்றுக்கம்பியும் கிரவுண்ட்.

கம்பி மாட்டுவதற்கு முன் கேபிளைச் செருகி, வால்யூமை 10-இல் வைத்து மறுமுனையில் மீட்டரால் அளந்துவிடுங்கள். 7.5 கிலோ ஓம் பிக்கப் 7.4 காட்டினால் சரி. 500 பக்கம் காட்டினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது, 0 என்றால் ஹாட் கிரவுண்டைத் தொடுகிறது. 3.7 காட்டினால் டேப் போட்ட ஜோடி கிரவுண்டில் உரசி ஒரு சுருள் மட்டும் வேலை செய்கிறது. பிரித்து மறுபடி டேப் சுற்றுங்கள்.