தெரபிஸ்டிடமும் நல்ல பெயர் வாங்கப் பார்த்தேன்

மேலாளர் என்னைப் பாராட்டிய நாளில்தான் எனக்குள் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. பல மாதம் இழுத்துக்கொண்டிருந்த ஒரு வேலையை முடித்துக் கொடுத்திருந்தேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் "நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்றார். "ஐயோ, நான் பெரிதாக ஒன்றும்..." என்று இழுத்துவிட்டு இருக்கைக்கு வந்தேன். வந்ததும் அந்த அறிக்கையைத் திறந்து, அவர் கண்ணில் படாத தவறு எங்கே இருக்கிறது என்று ஒரு மணி நேரம் தேடினேன். இருந்தது. ஓர் அட்டவணைக்குத் தலைப்பு மாறியிருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் பயமாக இருந்தது.

அப்படியும் தெரபிஸ்டைப் பார்க்க நான்கு மாதம் ஆனது. ஆள் கிடைக்காமல் இல்லை. நிஜமான கஷ்டத்தில் இருப்பவர்களின் நேரத்தை நான் ஏன் பிடுங்க வேண்டும் என்ற எண்ணம்தான். தாழ்வு மனப்பான்மை இதில் கெட்டிக்காரத்தனமானது. உதவி கேட்கக்கூட உனக்கு அருகதை இல்லை என்று சொல்லிவிடும்.

யாரிடம் போவது என்ற குழப்பமும் இருந்தது. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர்; பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர் உளவியலாளர். தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் ஓடினால் மருத்துவரை முதலில் பார்ப்பது நல்லது. அடியில் மனச்சோர்வு இருக்கலாம். எனக்கு அந்த அளவுக்கு இல்லை.

முதலில் பார்த்தவர் ஒரு படிவம் கொடுத்தார். ஒருவர் தன்னைத்தானே எவ்வளவு மதிக்கிறார் என்று அளக்க, சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட அளவுகோல், மொத்தம் 10 வாக்கியங்கள். 'சில நேரம் நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது' என்ற மாதிரி வாக்கியங்களுக்கு, முழுக்க ஒத்துக்கொள்வது முதல் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாதது வரை நான்கு படிகளில் பதில். ஆறாவது வாரம் அதே படிவம் மறுபடி வந்தது. அவர் மனம் நோகக் கூடாதே என்று பதில்களைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டேன். "நல்ல முன்னேற்றம்" என்றார். எனக்கும் சந்தோஷம், தேர்வில் பாஸான மாதிரி! அப்புறம் வேலை அதிகம் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி நின்றுவிட்டேன். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அவரை இன்னொரு மேலாளராக்கி வைத்திருந்தேன்.

அடுத்தவரிடம் போவதற்கு முன்பே போனில் கேட்டேன்: எந்த முறையில் சிகிச்சை, இந்தப் பிரச்சினையோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, சரிப்படவில்லை என்றால் எப்படித் தெரியும். கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் சாவகாசமாகப் பதில் சொன்னார். 1960-களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய வழியில் வந்த சி.பி.டி. முறை, அதாவது நம் எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்துப் பார்த்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை; வீட்டுப்பாடம் உண்டு.

முதல் வீட்டுப்பாடம், நான் அனுப்பிய இரண்டு வார மெயில்களில் 'மன்னிக்கவும்' எத்தனை என்று எண்ணுவது. 31. உண்மையிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டியவை 3. அடுத்து, ஐந்து மெயில்களை அந்த வார்த்தை இல்லாமல் அனுப்ப வேண்டும். என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 'திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்கள்' என்று எழுதினேன். நான்கு பேரிடமிருந்து வழக்கமான பதில் வந்தது. ஒருவர் 'சரி' என்று மட்டும் போட்டிருந்தார். அந்தச் 'சரி'யை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு, தினமும் என் நல்ல குணங்கள் மூன்றை எழுதச் சொன்னார். இரண்டு வாரம் எழுதினேன், ஒட்டவே இல்லை. மூன்றாவது வாரம் கை சில்லிட்டுப்போக, "இது எனக்கு ஒத்துவரவில்லை, பொய் எழுதுவது போல இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். உடனே 'மன்னிக்கவும்' என்றும் சொன்னேன்.

"அது 32" என்றார். அப்புறம் நோட்டை வாங்கி, "எந்த வரி அதிகப் பொய்யாகத் தோன்றியது?" என்று கேட்டார். அவரிடமே தொடர்ந்து போகலாம் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

போன மாதம் அலுவலகத்தில் சுய மதிப்பீட்டுப் படிவம் வந்தது. எப்போதும் 5-க்கு 3 போடுகிறவன், 4 போட்டேன். ஏன் 4 என்று கீழே அரைப் பக்கம் விளக்கமும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அதில் பாதியை அழித்தேன். மீதிப் பாதி அப்படியே போய்விட்டது.