ஒரு கதவு, ஒரு முகம், நிற்கிற மின்விசிறி

எங்கள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டுக் குறும்படம் ஒரு பேய்க்கதை. திருநெல்வேலிப் பக்கத்து ஓட்டு வீடு, தனியாக இருக்கும் பேத்தி, பாதி திறந்து கிடக்கும் அரங்குவீட்டுக் கதவு (அரங்குவீடு என்றால் சாமான் வைக்கும் உள்ளறை). பேய் வருவது ஒரே ஒரு ஷாட்டில். எடிட்டிங் என் பொறுப்பு. முழுப் படத்தில் கை வைப்பதற்கு முன் அந்தக் கதவுக் காட்சியை மட்டும் வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குத் தாராளம்.

முதலில் முகமும் கதவும். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே நடிகரின் முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். முகம் மாறவில்லை, பார்த்தவர்கள்தான் அதில் பசியையும் துக்கத்தையும் கண்டார்களாம். எங்கள் பேத்தியின் குளோசப்பிலும் பெரிய உணர்ச்சி கிடையாது, சும்மா பார்க்கிறாள். அடுத்து அடுப்பை வைத்தால், பால் பொங்குகிறதா என்று பார்க்கிறாள். கதவை வைத்தால் முதுகு சில்லிடுகிறது. நடிக்கிறவரை ‘இன்னும் பயப்படு’ என்று படுத்தவே வேண்டாம்.

அப்புறம், கதவை எவ்வளவு நேரம் காட்டுவது? மூன்று நொடியில் பார்ப்பவர் அதைப் பார்த்து முடித்துவிடுகிறார். ஆறாவது நொடியில், ஏன் இன்னும் கட் ஆகவில்லை என்று உறுத்த ஆரம்பிக்கிறது. கண் தானாகவே இருட்டுக்குள் துழாவுகிறது. பத்தைத் தாண்டினால் சலிப்பு. நொடிக்கு 24 பிரேமில் எடுத்திருக்கிறோம். பேய் தெரியும் இடத்தை 12 பிரேம், அதாவது அரை நொடி, முன்னே நகர்த்தினாலும் காட்சி வேறாகிவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது சத்த வேலைதான். நம் வீடுகளில் மின்விசிறி எப்போதும் ஓடுகிறது, அதன் சத்தம் காதில் விழுவதே இல்லை. கரண்ட் போகும்போதுதான் அது இருந்ததே தெரியும். அந்தச் சத்தத்தைக் காட்சியின் தொடக்கத்திலிருந்தே ஓடவிட்டு, கதவு ஷாட்டின் நடுவில் மெல்ல இறக்கி நிறுத்துகிறேன். ஒன்றுமே இல்லாமல் விட்டால் ஸ்பீக்கர் கோளாறு என்று நினைப்பார்கள். அதனால் அடியில் ரூம் டோன் இருக்கிறது, அதே அறையில் யாரும் பேசாமல் பதிந்தது. மின்விசிறிப் பதிவையே கால்வாசி வேகத்துக்கு, சுருதியைத் திருத்தாமல் குறைத்தால் இரண்டு ஸ்தாயி கீழே இறங்கி ஒரு உறுமலாகிறது. அதையும் மெலிதாகச் சேர்க்கிறேன். கடைசியில் ஒரு ஜே கட்: திரையில் பேத்தியின் முகம் இருக்கும்போதே, அரங்குக்குள் அரிசிப்பானை மூடி நகரும் சத்தம் கேட்டுவிடும். படம் பின்னால்தான் வரும்.

பேயின் நடையை எடுக்க, நடித்தவரைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்தோம். டைம்லைனில் ரிவர்ஸ் செய்தால் முன்னால் வருகிறார். பாதம் ஊன்றும் விதமும் சேலை மடிப்பு அசையும் விதமும் சரியாக இல்லை. பார்ப்பவருக்கு எதனால் என்றுதான் பிடிபடாது.

பேய் தெரிந்ததும் ‘டம்’ என்று ஒரு அடி வேண்டும் என்கிறார்கள் குழுவில். வேண்டாம் என்பது என் கட்சி. அடி இருக்கும் வடிவம், இல்லாத வடிவம் இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்கிறேன். முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று போட்டுக்காட்டப் போகிறோம். நான் திரையைப் பார்க்கப் போவதில்லை, அவர்கள் முகத்தைத்தான்.